ஊட்டிக் குளிருக்குப் போகும் டிராக்டர்: சென்னையிலிருந்து கிளம்பும் முன் என்னென்ன பார்க்கணும்?

செங்குன்றம் வாடகை டிராக்டர்:

எல்லாருக்கும் வணக்கம். டிசம்பர் இரண்டாவது வாரத்திலிருந்து பிப்ரவரி கடைசி வரை ஊட்டி பக்கம், கேத்தி, தூனேரி தோட்டங்களில் ரோட்டாவேட்டர் (மண்ணைக் கிளறுற கருவி), டிரெய்லர் வேலைக்கு நம்ம இரண்டு டிராக்டர் போகுது. லாரியில் ஏற்றித்தான் அனுப்புறோம். வேலை காலை 6 மணிக்கே தொடங்கணும். அந்த நேரத்தில் அங்கே 2, 3 டிகிரி, சில நாள் பூஜ்யமும் தொடும்னு சொல்றாங்க.

ஒண்ணு 42 எச்பி, மூணு சிலிண்டர் சிம்சன் எஞ்சின், 2009 மாடல், இன்லைன் பம்ப், டர்போ கிடையாது. இன்னொண்ணு 55 எச்பி, சிஆர்டிஐ (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் அதிக அழுத்தத்தில் டீசல் தெளிக்கிற வகை), 2023 மாடல். பழைய வண்டியில் இப்போ இருக்கிற நிலைமை: ரேடியேட்டரில் போர் தண்ணி, தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றியாச்சு, 20டபிள்யூ-40 ஆயில், 88 ஏஎச் பேட்டரி போட்டு இரண்டரை வருஷம். சோழவரம், பொன்னேரி பக்கம் சேற்று உழவு ஓட்டின வண்டி. இங்கே காலையில் ஒரு சாவியில் எடுத்துடும்.

இங்கிருந்தே 200 லிட்டர் டிரம்மில் டீசல் கொண்டு போகலாமா? ஆயில் மாத்தணுமா? பேட்டரி தாங்குமா? டீசலில் மண்ணெண்ணெய் கலந்தா குளிரில் உறையாதுன்னு ஒருத்தர் சொல்றார், அது சரியா? தெரிஞ்சவங்க விவரமா சொல்லுங்க.


அம்பத்தூர் பம்ப் பட்டறை:

அண்ணா, புது வண்டிக்கு வேலை குறைவு, அதைக் கடைசியில் சொல்கிறேன். பழைய வண்டியில்தான் கவனம் வேண்டும். சென்னை வெயிலுக்காக அதில் செய்து வைத்திருக்கும் மாற்றங்கள் ஒவ்வொன்றும் மேலே போனதும் எதிராக வேலை செய்யும். அவற்றை எல்லாம் பழையபடி ஆக்கிவிட்டுத்தான் லாரியில் ஏற்ற வேண்டும்.

முதல் வேலை தெர்மோஸ்டாட். வால்வு இல்லாவிட்டால் எஞ்சின் சூடாகும் முன்பே தண்ணீர் முழுவதும் ரேடியேட்டர் வழியாகச் சுற்ற ஆரம்பித்துவிடும். அங்கே மீட்டர் முள் 50 டிகிரியைத் தாண்டவே திணறும். சிலிண்டர் சுவர் அவ்வளவு குளிர்ந்திருந்தால் டீசல் முழுதாக எரியாது. எரியாத டீசல் சுவரில் வழிந்து, அங்கிருக்கும் ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு சம்பில் (எஞ்சின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) இறங்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் தானாக ஏறுவதும், ஆயிலில் டீசல் வாசனை வருவதும், சைலன்சர் வாயில் கறுப்பாக ஈரப்பசை ஒட்டுவதும் இதற்கான அடையாளங்கள். மூன்று மாதம் அப்படி ஓட்டினால் ரிங்கும் லைனரும் தேய்ந்துபோகும். வண்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும் என்பதால் யாரும் இதைக் கவனிப்பதில்லை.

உங்கள் எஞ்சினுக்கு உரிய வால்வையே வாங்குங்கள். எத்தனை டிகிரியில் திறக்கும் என்பது அதன் மேலேயே பொறித்திருக்கும், பெரும்பாலும் 82 இருக்கும். மாட்டுவதற்கு முன் ஒரு பாத்திரத் தண்ணீரில் அடியைத் தொடாதபடி நூலில் தொங்கவிட்டு, தெர்மாமீட்டர் வைத்துக் காய்ச்சிப் பாருங்கள். பொறித்த அளவுக்கு ஓரிரு டிகிரி முன்பின் திறக்கத் தொடங்க வேண்டும், ஆறியதும் முழுதாக மூட வேண்டும். மாட்டும்போது மெழுகுக் குப்பி எஞ்சின் பக்கம் இருக்க வேண்டும். காற்று போகும் சிறு துளை மேல்பக்கம் வர வேண்டும். பேக்கிங் புதியது போடுங்கள்.

அடுத்தது போர் தண்ணீர். ரேடியேட்டரில் தண்ணீரை வடிக்கும் திருகை (டிரெய்ன் காக்) மட்டும் திறந்தால் பிளாக்கில் இருக்கும் தண்ணீர் அப்படியே நிற்கும். பிளாக்கின் பக்கவாட்டில் இன்னொரு காக் உண்டு, அதையும் திறக்க வேண்டும். உப்புத் தண்ணீர் ஓடிய வண்டியில் அந்த ஓட்டை துருவால் அடைத்திருக்கும். கம்பி விட்டுக் குத்தித் தண்ணீர் வருவதை உறுதி செய்யுங்கள். தண்ணீர் உறையும்போது கனஅளவு சுமார் 9 சதவீதம் பெருகும். அந்த அழுத்தத்துக்கு ரேடியேட்டர் குழாய், பிளாக்கின் கோர் பிளக், கடைசியில் பிளாக்கே விரிசல் விடும்.

கழுவி முடித்ததும் எத்திலீன் கிளைக்கால் கூலன்ட் ஒரு பங்கு, டிஸ்டில்டு வாட்டர் இரண்டு பங்கு கலந்து ஊற்றுங்கள். அது சுமார் மைனஸ் 17 டிகிரி வரை உறையாது. ஊட்டிக்கு அதுவே தாராளம். பாதிக்குப் பாதி கலந்தால் மைனஸ் 37 வரை தாங்கும், அங்கே அதற்குத் தேவை இல்லை. கலக்காமல் தனிக் கூலன்ட்டை ஊற்றாதீர்கள். தனிக் கிளைக்கால் மைனஸ் 13 வாக்கிலேயே உறைந்துவிடும், வெப்பத்தையும் குறைவாகவே எடுத்துச் செல்லும். கடையில் கலந்தே விற்கும் டப்பா என்றால் தண்ணீர் சேர்க்க வேண்டாம், ஆனால் லேபிளில் உறைநிலை எவ்வளவு என்று போட்டிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள். சில மலிவு டப்பாக்களில் பெயருக்குத்தான் கிளைக்கால் இருக்கும். ரேடியேட்டர் மூடியின் ரப்பரையும் பாருங்கள். ஊட்டி உயரத்தில் மூடி அழுத்தம் பிடிக்காவிட்டால் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும்.

மூன்றாவது தெர்மோஸ்டார்ட். முதலில் சொன்ன தெர்மோஸ்டாட் வேறு, இது குளிரில் ஸ்டார்ட் செய்ய உதவும் ஹீட்டர். சிம்சன் எஞ்சின் பெர்கின்ஸ் வடிவமைப்பில் வந்தது. இன்டேக் மேனிஃபோல்டில் (எஞ்சினுக்குள் காற்று போகும் குழாய்) ஒரு ஹீட்டர் பிளக் மாட்டியிருக்கிறதா, சாவியில் ஹீட் நிலை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது வேலை செய்யும் விதம் இதுதான்: கம்பிச்சுருள் சூடாகும், அந்தச் சூட்டில் உள்ளே இருக்கும் குட்டி வால்வு திறக்கும், டீசல் சொட்டி நெருப்புப் பிடிக்கும், அந்தச் சுவாலை உள்ளே போகும் காற்றைச் சூடாக்கும். சென்னையில் இது தேவைப்படாததால் வயரைக் கழற்றிக் கட்டியிருப்பார்கள், அல்லது டீசல் குழாயை அடைத்திருப்பார்கள். டெஸ்ட் லேம்ப் வைத்து ஹீட் நிலையில் முனைக்குக் கரண்ட் வருகிறதா என்று பாருங்கள். பிறகு மேனிஃபோல்டைத் தொட்டால் 20 வினாடிக்குள் சூடு தெரிய வேண்டும். சாவி போடாதபோதே டீசல் சொட்டினால் பிளக்கை மாற்றுங்கள். ராத்திரி முழுக்கச் சொட்டி மேனிஃபோல்டில் தேங்கினால் காலையில் அது சிலிண்டருக்குள் போய் கனெக்டிங் ராடை வளைத்துவிடும்.

காலையில் ஸ்டார்ட் செய்யும் முறையையும் டிரைவருக்கு இங்கேயே பழக்கிவிடுங்கள். கியர், பிடிஓ (ரோட்டாவேட்டர் போன்ற கருவியைச் சுற்றும் பின் தண்டு) நியூட்ரல். கிளட்ச் முழுதாக மிதிபட வேண்டும். கெட்டியான கியர் ஆயிலைச் சேர்த்துச் சுற்றும் பாரம் அப்போது செல்ஃப் மோட்டாருக்கு இருக்காது. கை ஆக்சிலேட்டர் பாதிக்கு மேல். பம்ப்பில் எக்சஸ் ஃப்யூயல் பட்டன் இருந்தால் ஒருமுறை அழுத்திவிடுங்கள், எஞ்சின் எடுத்ததும் அது தானாகத் திரும்பிவிடும். ஹீட் 15 முதல் 20 வினாடி. பிறகு செல்ஃப், அதிகபட்சம் 15 வினாடி. எடுக்கவில்லை என்றால் ஒரு நிமிடம் விட்டு, மறுபடி ஹீட், மறுபடி செல்ஃப்.

மூன்று தடவைக்கு மேல் அடிக்காதீர்கள். சைலன்சரைப் பாருங்கள். சுற்றும்போது வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, எரியச் சூடு போதவில்லை என்று பொருள். அப்போது பேட்டரி, ஹீட்டர், கம்ப்ரஷன் பக்கம் தேட வேண்டும். புகையே வராவிட்டால் டீசல் அதைத் தெளிக்கும் நாசில் வரை போகவில்லை. ஸ்டாப் நாப் (எஞ்சினை அணைக்க இழுக்கும் குமிழ்), ஏர் லாக் (டீசல் குழாயில் காற்று மாட்டிக்கொள்வது), அடைத்த ஃபில்டர் ஆகியவற்றைப் பாருங்கள். இந்த ஒரு சோதனை தெரிந்தால் பாதி நேரம் மிச்சம்.

எடுத்ததும் முழு வேகத்துக்கு முறுக்கக் கூடாது, பொறுமை வேகத்தில் அரை மணி நேரம் விட்டுவிட்டு டீ குடிக்கப் போகவும் கூடாது. 1000 முதல் 1200 ஆர்பிஎம்மில் 3 முதல் 5 நிமிடம் ஓட்டுங்கள். பின்னால் கருவியைத் தூக்கும் லிஃப்டை எதுவும் மாட்டாமல் நாலைந்து தரம் ஏற்றி இறக்குங்கள். பிறகு லேசான வேலையில் நகர்த்தலாம். மீட்டர் முள் 60 டிகிரியைத் தாண்டும் வரை ரோட்டாவேட்டரை முழு ஆழத்தில் இறக்க வேண்டாம்.

ஈதர் ஸ்ப்ரே அடிக்கும் யோசனை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஹீட்டர் உள்ள எஞ்சினில் ஈதர் அடித்தால் மேனிஃபோல்டிலேயே வெடிக்கும். ஹீட்டர் இல்லாவிட்டாலும் பிஸ்டன் மேலே வருவதற்குள் வெடித்து ரிங்குகளை உடைக்கும். ஏர் கிளீனர் வாயில் தீப்பந்தம் காட்டுவது அதைவிட ஆபத்து, ஆயில் வழியாகக் காற்றை வடிகட்டும் ஆயில் பாத் கிளீனரே பற்றிக்கொள்ளும். அந்த ஆயில் பாத் கிண்ணத்தைக் கழுவி, எஞ்சினுக்கு ஊற்றும் அதே ஆயிலைக் கோடு வரைக்கும் மட்டும் ஊற்றுங்கள். மேலே ஊற்றினால் எஞ்சின் ஆயிலை இழுக்கும், கெட்டியான ஆயில் என்றால் காற்று போகாது.

சிஆர்டிஐ வண்டிக்கு: ஹீட்டர் விளக்கு அணையும் வரை காத்திருந்து செல்ஃப் கொடுங்கள், ஆக்சிலேட்டரைத் தொட வேண்டாம். பழைய வண்டியில் நாசில் நட்டைத் தளர்த்தி ஏர் எடுப்பதுபோல இதில் கையை வைக்கவே கூடாது. அந்தக் குழாயில் ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தம் இருக்கும், தோலைத் துளைத்து டீசல் உள்ளே போய்விடும். ஃபில்டருக்கு முன்னால் இருக்கும் கை பம்ப்பை மட்டும் அடித்து ஏர் எடுங்கள்.


பாடி ஆட்டோ எலக்ட்ரிக்:

அண்ணன் மேலே சொன்னதோட பேட்டரி பக்கத்தை நான் சேர்க்கிறேன். இங்கே ஒரு சாவியில் எடுக்குதுன்னு நம்பிடாதீங்க. பூஜ்யம் டிகிரியில் லெட் ஆசிட் பேட்டரியின் கொள்ளளவு, 27 டிகிரியில் இருக்கிறதில் சுமார் 80 சதவீதம்தான். அதே நேரம் ஆயில் கெட்டியானதால எஞ்சினைச் சுத்த அதிக ஆம்பியர் வேணும். ரெண்டும் சேர்ந்து செல்ஃப் மெதுவா சுத்தும். மெதுவா சுத்தினா அமுக்கிய காத்து ரிங் வழியா கசியும், அதன் சூடும் சிலிண்டர் சுவருக்குப் போயிடும். டீசல் பத்தாததுக்கு இதுதான் காரணம். குளிரில் ஸ்டார்ட் ஆகாத வண்டிகளில் பெரும்பாலும் டீசலில் குறை இருக்காது, சுத்துற வேகத்தில்தான் இருக்கும்.

ராத்திரி முழுக்க நிறுத்தின வண்டியில் காலையில் முதல்ல வோல்ட் பாருங்க. 12.6க்கு மேல இருந்தா முழு சார்ஜ். 12.4க்குக் கீழன்னா சார்ஜ் போட்டுட்டு மேல பேசலாம். அடுத்து ஹைட்ரோமீட்டர், அதாவது ஆசிட் அடர்த்தி அளக்கிற கருவி. நம்ம ஊர் வெப்பத்துக்கு முழு சார்ஜில் 1.240லிருந்து 1.260 வரை காட்டும். ஆறு செல்லுக்குள்ள 0.050 வித்தியாசம் வந்தா அந்தப் பேட்டரியை மலைக்கு அனுப்பாதீங்க. மேல போய் அளக்கும்போது ஒண்ணு நினைவு வைங்க, ஆசிட் குளிர்ந்தா ரீடிங் கூடுதலா காட்டும். 27 டிகிரிக்குக் கீழ ஒவ்வொரு 10 டிகிரிக்கும் 0.007 கழிக்கணும். 5 டிகிரியில் 1.255 காட்டினா உண்மையில் அது 1.240தான்.

இப்போ கேபிள் டெஸ்ட். ஸ்டாப் நாப்பை இழுத்து வெச்சு, எஞ்சின் எடுக்காதபடி ஒருத்தர் செல்ஃப் அடிக்கட்டும். மல்டிமீட்டர் 20 வோல்ட் டிசியில். சிவப்பு முனை பேட்டரி பாசிட்டிவ் போஸ்டில், லக்கில் (கேபிள் முனையில் இருக்கிற கிளிப்) இல்லை, போஸ்டில். கறுப்பு முனை செல்ஃப் மோட்டாரின் பெரிய போல்டில். சுத்தும்போது 0.5 வோல்ட்டுக்கு மேல போகக் கூடாது. அப்புறம் பேட்டரி நெகட்டிவ் போஸ்டுக்கும் செல்ஃப் மோட்டார் பாடிக்கும் நடுவில் பாருங்க. 0.3க்கு மேலன்னா எர்த் சரியில்லை. கடைசியா பேட்டரி ரெண்டு போஸ்டுக்கும் நடுவில் சுத்தும்போது என்ன வோல்ட்டுன்னு பாருங்க. இங்கே 28 டிகிரியில் 10 வோல்ட்டுக்குக் கீழ இறங்கினா அங்கே 2 டிகிரியில் நிச்சயம் தொல்லை.

மூணு சிலிண்டர் டீசல் செல்ஃப் 300 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். அந்த ஓட்டத்தில் 0.001 ஓம் கூடினாலே 0.3 வோல்ட் போச்சு. அதனால லக்கைச் சுத்தியலால தட்டி இறுக்குறது, பச்சை பூத்த லக் மேல கிரீஸ் பூசுறது எல்லாம் வேலைக்கு ஆகாது. கழற்றி, சோடா மாவுத் தண்ணியில் கழுவி, எமரி போட்டு, மாட்டி இறுக்கின பிறகுதான் மேல வாசலின். எர்த் கேபிள் சேசிஸில் பெயிண்ட் மேல உட்கார்ந்திருந்தா சுரண்டிட்டு மாட்டுங்க. மெல்லிசான கேபிள் போட்டிருந்தா 50 சதுர மில்லிமீட்டர் செம்பு கேபிள் போடுங்க.

எல்லா அளவும் எடுத்து இங்கே போடுங்க, பேட்டரி வேணுமா வேண்டாமான்னு சொல்றேன்.


செங்குன்றம் வாடகை டிராக்டர்:

ரொம்ப நன்றி ரெண்டு பேருக்கும். பழைய வண்டியில் அளந்தாச்சு. நிறுத்தி வெச்ச வோல்ட் 12.5. சுத்தும்போது 9.7. பாசிட்டிவ் பக்கம் 0.4, எர்த் பக்கம் 0.9. செல் எல்லாம் 1.230லிருந்து 1.240க்குள்ள. தெர்மோஸ்டார்ட் பிளக் இருக்கு, வயர் கழற்றி டேப் சுத்தியிருக்கு.


பாடி ஆட்டோ எலக்ட்ரிக்:

எர்த் பக்கம் 0.9 ரொம்ப அதிகம். பேட்டரியை மாத்தாதீங்க, முதல்ல எர்த் கேபிள். நெகட்டிவ் போஸ்டிலிருந்து நேரா செல்ஃப் மோட்டார் மவுன்டிங் போல்டுக்குப் புதுக் கேபிள் இழுங்க. அப்புறம் பேட்டரியைக் கழற்றி 8 ஆம்பியரில் முழு சார்ஜ் போட்டு மறுபடி அளங்க. எர்த் சரியானதும் செல்ஃப் நல்ல வேகத்தில் சுத்தும். அப்பவும் போஸ்டில் 10 வோல்ட் நிக்கலைன்னா பேட்டரி வயசாயிடுச்சு, இங்கேயே புதுசு வாங்கிடுங்க. ஆல்டர்னேட்டர் சார்ஜ் 13.8லிருந்து 14.4க்குள்ள இருக்கான்னும் பார்த்துடுங்க, ஹெட்லைட் போட்ட நிலையில்.

ஜம்ப் போட வேண்டி வந்தா 12 வோல்ட்டோட 12 வோல்ட். பாசிட்டிவ் பாசிட்டிவ் முதல்ல, கடைசி கிளிப் நின்ன வண்டியின் எஞ்சின் பிளாக்கில், பேட்டரியிலிருந்து தள்ளி. லாரியின் 24 வோல்ட்டிலிருந்து எடுக்கவே கூடாது, சிஆர்டிஐ வண்டின்னா இசிஎம் (எஞ்சின் கம்ப்யூட்டர்) போயிடும்.


மணலி எண்ணெய் சோதனை:

டீசல், ஆயில் கேள்விகளுக்கு நான் பதில் சொல்கிறேன்.

டிரம்மில் டீசல் கொண்டு போக வேண்டாம். இந்திய டீசல் தரமான ஐஎஸ் 1460 குளிர்காலத்துக்கும் மற்ற மாதங்களுக்கும் தனித்தனி வரம்பு வைத்திருக்கிறது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை குளிர் ஃபில்டர் அடைப்பு வெப்பநிலை அதிகபட்சம் 6 டிகிரி, மற்ற மாதங்களில் அதிகபட்சம் 18 டிகிரி. அதாவது டீசலில் இருக்கும் மெழுகு படிகமாகி ஃபில்டரை அடைக்கும் வெப்பநிலை அது. அக்டோபரிலேயே வாங்கி டிரம்மில் வைத்த டீசல் என்றால் அது 18 டிகிரி வரம்புக்குள் வந்த சரக்காக இருக்கலாம். சென்னையில் அது பழுதே இல்லாத டீசல். ஊட்டியின் அதிகாலைக்கு அது ஆகாது. நடைமுறையில் வரும் டீசல் வரம்பைவிட நன்றாகவே இருக்கும், ஆனால் அதை நம்பி 200 லிட்டரை மலையேற்றக் கூடாது. டேங்கைக் கால்வாசிக்கு இறக்கி லாரியில் ஏற்றுங்கள், மேலே போனதும் அங்குள்ள பங்கில் நிரப்புங்கள்.

6 டிகிரி வரம்பு இருக்கும்போது பூஜ்யம் டிகிரியில் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். சில காலைகளில் மெழுகு கட்டும் வாய்ப்பு உண்டு. வண்டி எடுக்கும், ஃபில்டருக்கு அப்பால் இருக்கும் டீசலில் இரண்டு மூன்று நிமிடம் ஓடும், பிறகு இழுவை குறைந்து நிற்கும். ஃபில்டர் கிண்ணத்தில் டீசல் கலங்கலாகத் தெரியும். வெயில் ஏறியதும் ஒன்றும் நடக்காததுபோல ஓடும். இதை ஏர் லாக் என்று நினைத்து மணிக்கணக்கில் ஏர் எடுப்பார்கள். சுடுதண்ணீரில் நனைத்த துணியை ஃபில்டர் மேல் சுற்றினால் மெழுகு கரைந்துவிடும். நெருப்பு கூடவே கூடாது. பாதி அடைத்த பழைய ஃபில்டர் முதலில் மாட்டிக்கொள்ளும் என்பதால் கிளம்பும் முன் இரண்டு ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள், கூடுதலாக ஒரு செட் கையில் இருக்கட்டும். மெழுகு தடுப்பு அடிட்டிவ் வாங்கினால், டீசல் கலங்கும் முன்பே ஊற்ற வேண்டும். கட்டிய மெழுகை அது கரைக்காது.

தண்ணீர் இன்னொரு எதிரி. சென்னை ஈரக்காற்றில் பல மாதம் ஓடிய டேங்கின் அடியில் தண்ணீர் நிச்சயம் இருக்கும். வண்டியை ஒரு ராத்திரி அசையாமல் நிறுத்தி, காலையில் டேங்க் டிரெய்ன் பிளக்கிலிருந்து 2 லிட்டர் கண்ணாடி பாட்டிலில் பிடித்து அரை மணி நேரம் வையுங்கள். அடியில் தண்ணீர் தெரிந்தால், தெரியாமல் போகும் வரை பிடித்துக்கொண்டே இருங்கள். மேலே வேலை முடிந்ததும் சாயங்காலமே டேங்கை நிரப்பி வையுங்கள். காலி இடத்தில் இருக்கும் ஈரக்காற்றுதான் ராத்திரி குளிர்ந்து தண்ணீராகச் சொட்டுகிறது. வாட்டர் செபரேட்டரைத் தினமும் திறந்து விடுங்கள்.

மண்ணெண்ணெய் கலக்காதீர்கள். அது மெழுகுநிலையைச் சில டிகிரி இறக்கும் என்பது உண்மை. ஆனால் பம்ப்பின் பிளஞ்சருக்கும் நாசில் ஊசிக்கும் டீசல்தான் மசகு, மண்ணெண்ணெயில் அந்த வழுவழுப்பு இல்லை. சிஆர்டிஐ பம்ப் அதைத் தாங்காது. ரேஷன் மண்ணெண்ணெயை வண்டிக்கு ஊற்றுவது சட்டப்படியும் குற்றம். லடாக் போன்ற இடங்களுக்கென இந்தியன் ஆயில் 2019 நவம்பரில் மைனஸ் 33 டிகிரி வரை உறையாத டீசலைக் கொண்டுவந்தது. அது பானிபட் சுத்திகரிப்பு ஆலைச் சரக்கு. நீலகிரிக்கு அது தேவையும் இல்லை.

ஆயில்: 20டபிள்யூ வகையின் சுழற்றும் தன்மையை மைனஸ் 15 டிகிரியிலும், 15டபிள்யூவை மைனஸ் 20 டிகிரியிலும் சோதித்துத்தான் அந்த எண் தருகிறார்கள். ஆகவே 20டபிள்யூ-40 ஊட்டியில் ஆபத்து இல்லை. ஆனாலும் 15டபிள்யூ-40, சிஐ-4 தரத்துக்கு மாறினால் செல்ஃப் மோட்டாருக்கு இழுவை குறையும், ஆயில் மேல் வால்வுகளுக்குச் சீக்கிரம் ஏறும். எப்படியும் மாற்ற வேண்டிய மணி நேரம் நெருங்கியிருந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள். வெறும் 40 என்று மட்டும் எழுதியிருக்கும் ஒற்றைத் தர ஆயில் இருந்தால் மட்டும் கட்டாயம் மாற்ற வேண்டும்.


கேத்தி தோட்டம்:

வாங்க அண்ணா. இங்கே இருக்கிறவன் என்ற முறையில் ரெண்டு மூணு விஷயம்.

முதல்ல நீர்ப்பனி விழும், அப்புறம்தான் உறைபனி. உறைபனி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி விழாது. குளிர்ந்த காத்து கனமா இருக்கிறதால பள்ளத்தில் போய்த் தேங்கும். தலைகுந்தா, காந்தல் மாதிரி தாழ்வான இடத்தில் புல் எல்லாம் வெள்ளையா இருக்கும்போது, அதே காலையில் மேட்டில் வெறும் ஈரம்தான் இருக்கும். வண்டியை வாய்க்கால் ஓரம், தோட்டத்தின் அடிப்பள்ளம் மாதிரி இடத்தில் நிறுத்தாதீங்க. மேட்டில், கூரை அடியில் நிறுத்துங்க. கூரை இல்லைன்னா மரத்தடி. மேகம் இல்லாத ராத்திரியில் திறந்த வானத்துக்குக் கீழ நிக்கிற இரும்பு, காத்தைவிட அதிகமா குளிரும். வேலை முடிஞ்ச சூட்டோட பானட் மேல கித்தானோ சாக்கோ போட்டு மூடிட்டா ராத்திரி கொஞ்சம் கதகதப்பு நிக்கும். டிரைவர் காலையில் அதை எடுத்துட்டுத்தான் சாவியைத் தொடணும், ஃபேனில் மாட்டினா ரேடியேட்டர் போச்சு.

உயரத்தையும் கணக்கில் வைங்க. ஊட்டி 2,240 மீட்டர். டர்போ இல்லாத உங்க பழைய வண்டிக்கு இங்கே சுமார் ஐந்தில் ஒரு பங்கு சக்தி குறையும், பாரத்தில் கறுப்புப் புகை வரும். அது பழுதில்லை, காத்து மெலிசு. பம்ப்பில் ஸ்குரூ திருப்பி டீசல் கூட்டச் சொல்லி யாராவது வந்தா விடாதீங்க, புகையும் சூடும்தான் கூடும். ஒரு கியர் குறைச்சு ஓட்டுங்க, ரோட்டாவேட்டர் ஆழத்தைக் குறைச்சு ரெண்டு தடவை விடுங்க. டர்போ வண்டியை நிறுத்தும்போது பொறுமை வேகத்தில் 2, 3 நிமிஷம் விட்டு அணைங்க.

டயர் காத்தை இங்கே வந்த பிறகு காலையில் பாருங்க. குளிர்னால பின் டயரில் 2 பிஎஸ்ஐ இறங்கும், உயரத்தினால கேஜில் 3 பிஎஸ்ஐக்கு மேல கூடும். அங்கே வெச்ச அளவு இங்கே சரியா இருக்காது.

சரிவில் வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் பண்ற பழக்கம் வேண்டவே வேண்டாம். எஞ்சின் ஓடாதப்போ பவர் ஸ்டியரிங் கல்லு மாதிரி இருக்கும், ஈரப் புல்லில் பின் சக்கரம் வழுக்கும், கீழ அடுத்தவர் வீடு இருக்கும். ராத்திரி நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக்கோட பின் சக்கரத்துக்கு மரக்கட்டை கொடுங்க.


செங்குன்றம் வாடகை டிராக்டர்:

எர்த் கேபிள் மாத்தி, சார்ஜும் போட்டாச்சு. எர்த் பக்கம் இப்போ 0.2. சுத்தும்போது 10.6 நிக்குது. டீசல் டிரம் யோசனையை விட்டாச்சு. இன்னொரு சந்தேகம், பழைய வண்டி கியர் ஆயில் டிப்ஸ்டிக்கில் லேசா பால் மாதிரி தெரியுது. அப்படியே அனுப்பலாமா?


அம்பத்தூர் பம்ப் பட்டறை:

அனுப்ப வேண்டாம். கேஜ் வீல் (சேற்றுக்கான இரும்புச் சக்கரம்) போட்டுச் சேற்றில் ஓட்டிய வண்டியில் பின் ஆக்சில் சீல், பிடிஓ சீல், கியர் லீவர் ரப்பர் வழியாகத் தண்ணீர் உள்ளே போய்விடும். லிஃப்டும் இதே ஆயிலில்தான் ஓடுகிறது. உறைபனிக் காலையில் அந்தத் தண்ணீர் உறிஞ்சும் வலையில் ஐஸாகக் கட்டினால் லிஃப்ட் பம்ப் காற்றை இழுக்கும், கரகர என்று சத்தம் வரும், லிஃப்ட் ஏறாது. அந்தச் சத்தத்தோடு ஓட்டினால் பம்ப் பிய்ந்துவிடும்.

ஒரு ராத்திரி அசையாமல் நிறுத்தி, காலையில் டிரெய்ன் பிளக்கை மெல்லத் தளர்த்துங்கள். தனித் தண்ணீர் முதலில் வரும். அதன்பிறகு வரும் ஆயிலும் பால் நிறமாக இருந்தால் தண்ணீர் ஆயிலோடு கலந்துவிட்டது, வடிகட்டிப் பயன்படுத்த முடியாது, முழுவதையும் மாற்ற வேண்டும். அந்த உறிஞ்சும் வலையை (சக்ஷன் ஸ்ட்ரெயினர்) கழற்றி டீசலில் கழுவுங்கள். ஆயில் எத்தனை லிட்டர், எந்தத் தரம் என்பது உங்கள் மாடல் கையேட்டில் இருக்கும். பல வண்டிகளில் 30 லிட்டருக்கு மேல் போகும் என்பதால் வாங்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் எந்த சீல் வழியாக வந்தது என்று கண்டுபிடித்து அதை மாற்றிய பிறகே புது ஆயில் ஊற்றுங்கள். கிளட்ச் ஹவுசிங் அடியில் காட்டர் பின் தொங்கும் ஓட்டை ஒன்று இருக்கும். சேறு அடைத்திருந்தால் அதையும் குத்தி விடுங்கள். அங்கே தேங்கும் தண்ணீரில் கிளட்ச் பிளேட் துருப்பிடித்து ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொள்ளும். பிரேக் டிரை டிஸ்க் வகை என்றால் கவரைத் திறந்து காயவைத்து மாட்டுங்கள்.

எல்லாம் முடிந்ததும் லாரியில் ஏற்றுவதற்கு இரண்டு நாள் முன்பாகவே தெர்மோஸ்டாட், கூலன்ட் போட்ட நிலையில் இங்கே பாரத்தோடு 2 மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். முள் 80ஐ ஒட்டி நிற்க வேண்டும். அதைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் ரேடியேட்டரில் உப்பு அடைத்திருக்கிறது, முன்பு வால்வைக் கழற்றியதற்கும் அதுவே காரணமாக இருக்கும். ரேடியேட்டரைக் கழற்றி ராட் விட்டுச் சுத்தம் செய்யக் கொடுங்கள். எஞ்சின் ஆறியதும் கூலன்ட் மட்டம் இறங்கியிருக்கும், அதே ஒன்றுக்கு இரண்டு கலவையால் நிரப்புங்கள்.